அக்கம்பக்கத்துப் பாத்திரங்களில் ஒரு கார்

அப்பாவின் அம்பாசடர் காரை ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து மண் கொட்டி, அதில் செவ்வந்திச் செடி வளர்க்கப் போகிறார்கள் என்று அண்ணன் போனில் சொன்னபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"பைபாஸ்ல புதுசா ஒரு ஓட்டல் தொறக்குறாங்க. சாப்பிட வர்றவங்க வண்டிகிட்ட நின்னு செல்பி எடுத்துக்குவாங்கல்ல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். சென்னையில் இத்தனை வருஷம் இருந்தால் எதற்குப் பெருமைப்படுவது என்பதே மறந்துவிடும் போலிருக்கிறது.

அந்தக் காரை வைத்துத்தான் அப்பா திருவரங்குளம் ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டினார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் பிரசவத்துக்குப் போனதும் அதில்தான், மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர்வலம் வந்ததும் அதில்தான். அப்பா இறந்தபிறகு எங்கள் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் முட்டையிடுகிற இடமாக நின்றது. அண்ணன் சென்னையில் இருக்கிறார். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் லேபில் உதவியாளராக இருப்பதால் அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஆகவே கோழிகளையும் காரையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

"வண்டி எனக்கு வேணும்ணே" என்றேன்.

"ஒனக்கு எதுக்கு?"

இந்தக் கேள்வி என் காதுக்குப் புதிதில்லை. அண்ணனுக்குப் பதினாறு வயதானபோது அப்பா கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய்க் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பதினாறு வயதானபோது காரைக் கழுவச் சொல்லிக்கொடுத்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு நானே புதுக்கோட்டை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, குட்டிக் கார் ஒன்றில் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன். ஆனால் அப்பா வண்டியின் ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறேனே தவிர, அதைப் பிடித்து ஓட்டியதில்லை. அந்த சீட்டில் உட்கார்ந்து, அந்தச் சாவியைத் திருகி, அந்த வண்டியை நான் ஓட்ட வேண்டும். வேறு காரணம் எதுவும் கிடையாது. இதைச் சொன்னால் அண்ணன் சிரிப்பார் என்பதால் சொல்லவில்லை. சொல்லாமலே சிரித்தார்.

கடைசியில் பேரம் படிந்தது. பொங்கலுக்கு அண்ணன் வரும்போது வண்டி தள்ளாமல் கிளம்ப வேண்டும். திருவரங்குளம் கோயில் வரை போக வேண்டும். அப்படியானால் வண்டி எனக்கு. இல்லையென்றால் மறுநாளே ஓட்டல்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போவார்.

"இன்னொன்னு. மாட்டி முடிச்சப்புறம் ஒரு போல்ட்டு கூட மிச்சம் இருக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

இது குத்தல். எட்டாவது படிக்கும்போது நான் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்து மாட்டினேன். கடிகாரம் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் மூன்று திருகாணி கையில் மிச்சமிருந்தது. என் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளையின் காதில் இந்தக் கதையைப் போட்டவர் அண்ணன்.

மெக்கானிக்காகக் கிடைத்தவர் கறம்பக்குடி ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஒரு தம்பி. டிராக்டர், லோடு ஆட்டோ எல்லாம் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டார். முதல் ஞாயிறு வந்தவர் கையில் ஸ்பேனர் பையோடு ஒரு காலி பெயின்ட் வாளியும் இருந்தது. முன்பக்கத்துக் கம்பித் தட்டியைக் கழற்றினார், திருகாணிகளை வாளியில் போட்டார். ஹெட்லைட்டைக் கழற்றினார், அதன் திருகாணிகளையும் அதே வாளியில் போட்டார்.

"தம்பி, ரெண்டும் ஒண்ணா கலந்துடுமே?"

"கலக்கட்டுங்க்கா. மாட்டும்போது கை சொல்லும்."

எனக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. ஆசிட் பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் சீட்டு ஒட்டி ஒட்டியே என் பாதி ஆயுள் போயிருக்கிறது. பையன்கள் ஒன்றை மாற்றி வைத்தாலே வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்காது. வாளியைப் பிடுங்கித் தென்னைமரத்தடியில் கவிழ்த்தேன். அன்றைக்கே ஒரு ரெக்கார்டு நோட்டு போட்டேன். இடப்பக்கம் பென்சிலில் படம், வலப்பக்கம் எந்தச் சாமான், எத்தனை போல்ட், எதில் வைத்திருக்கிறது என்ற விவரம்.

சீட்டு எழுதி ஒட்டித்தான் பார்த்தேன். டீசலில் கழுவிய சாமான்களின் ஈரம் பட்டதும் பசை கரைந்து, மறுநாள் காலையில் சீட்டுகள் எல்லாம் தரையில் கிடந்தன. அப்போதுதான் என் சமையலறை அலமாரியைப் பார்த்தேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. குழம்போ பலகாரமோ கொடுத்தனுப்பினால், அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். நான் தனியாள் என்று தெருவே எனக்கு ஏதாவது கொடுத்தனுப்பும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, போட்டுக் கொடுக்க எதையாவது கிண்டுவதற்கு எனக்கு நேரம் ஏது? அதனால் பாத்திரங்கள் போகாமல் என்னிடமே சேர்ந்துகொண்டிருந்தன. முப்பதுக்குக் குறையாமல் இருக்கும். தூக்குவாளி, சம்புடம், டப்பா, பழைய டிபன் கேரியரின் நடு அடுக்கு. எல்லாவற்றிலும் அவரவர் வீட்டுப் பெயர் வெட்டியிருக்கும். எவர்சில்வரில் வெட்டிய பெயர் டீசலில் கரையாது. இதைவிட நல்ல சீட்டு எங்கே கிடைக்கும்?

இப்படியாக, மூலை வீட்டுக்காரர்களின் கருவாட்டு டப்பாவில் முன் சக்கரத்து போல்டுகள் குடியேறின. டீச்சர் வீட்டுப் பெருங்காய டப்பாவில் கதவுத் திருகாணிகள். மாவடு வந்த சம்புடத்தில் பம்பர் போல்டுகள். காப்பித்தூள் டப்பாவில் டைனமோவின் சாமான்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுச் சின்னச் சம்புடத்தில், அடியில் ஒரு துண்டுத் தாள் விரித்து, கார்புரேட்டரின் பொடிச் சாமான்கள். பாத்திரங்களைத் தாளால் துடைத்தேன், அவ்வளவுதான். கழுவவில்லை. இதை இப்போது சொல்லிவிடுவது நல்லது.

நோட்டில் "பின்கதவு வலது, எட்டுத் திருகாணி, டீச்சர் வீட்டுப் பெருங்காயம்" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மெக்கானிக் தம்பி தலையைச் சொறிந்தார். "அக்கா, இது வண்டி நோட்டா, மளிகை லிஸ்ட்டா?" என்றார்.

மார்கழி பிறந்தபோது பாடிக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. இன்ஜினைத் திருச்சிக்கு அனுப்பிச் சரிபண்ணி இறக்கி வைத்துவிட்டோம். இனி மாட்டுவதுதான் பாக்கி. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணி வந்தார். ஆவுடையார்கோவிலில் அவருடைய அம்மா வீடு இருக்கிறது. அங்கே போய்விட்டு, இரண்டு பெரிய டின் நிறைய அதிரசத்தோடு இங்கே வந்து இறங்கினார். பொங்கலுக்கு வீட்டை ஒழுங்குபண்ண ஒத்தாசையாக இருக்கலாம் என்று முன்னாடியே வந்ததாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு பளபளவென்றிருந்தது. அலமாரி காலி. கொட்டகையின் நடுவில், கல்யாண வீட்டில் சாம்பார் வைக்கிற பித்தளை அண்டா. அதற்குள் முக்கால்வாசிக்கு என் போல்டுகள், திருகாணிகள், வாஷர்கள், ஸ்பிரிங்குகள்.

"ஊரான் வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் இப்புடியா அடுக்கி வச்சிருப்ப? எனக்கே வெக்கமாப் போச்சு" என்றார் அண்ணி. "எல்லாத்தையும் புளி போட்டு வெளக்கி, பேரைப் பாத்து அவங்கவங்க வீட்டுல கொண்டுபோய்க் குடுத்துட்டேன். வெறுமனே குடுக்கல, அதிரசம் வச்சுத்தான் குடுத்தேன்."

நான்கு மாத உழைப்பு அந்த அண்டாவுக்குள் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடுவேன், அது தெருவுக்கே தெரியும். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். செவ்வந்திச் செடிக்கு நடுவே நின்று யாரோ இருவர் செல்பி எடுப்பது கண்முன் தெரிந்தது. அண்ணி வேண்டுமென்றே செய்திருப்பாரோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். அவர் முகம் வெளுத்துப்போய் நின்றிருந்தது.

செய்தி கேட்டு ஓடிவந்த மெக்கானிக் தம்பி அண்டாவை எட்டிப் பார்த்தார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். முடியவில்லை. "இப்பத்தாங்க்கா நீங்க நம்ம வாளிக்கு வந்து சேந்திருக்கீங்க" என்றார். ஸ்பேனரை எடுத்து அவர்மேல் வீசலாமா என்று யோசித்தேன். வீசினால் அதையும் தேட வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. முற்றத்தில் பழைய புடவைகளை விரித்து அண்டாவைக் கவிழ்த்தோம். அடிப்பக்கத்து போல்டுகளைத் தம்பி முதலில் பிரித்துவிட்டார். என்னதான் டீசலில் கழுவினாலும் மரைகளுக்குள் எங்கள் ஊர்ச் செம்மண் இருந்தது. இன்ஜினுடையவை கரி பிடித்திருந்தன. பாடிக்குரியவற்றின் தலையில் பழைய பெயின்ட் ஒட்டியிருந்தது. ஆனால் பாடியில் எது கதவுக்கு, எது பம்பருக்கு, எது மட்கார்டுக்கு? எல்லாம் ஒரே மூஞ்சி. தம்பியின் கையும் எதுவும் சொல்வதாகத் தெரியவில்லை.

அப்போது அண்ணி ஒரு திருகாணியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல பெருங்காயம் வருது."

நான் நம்பவில்லை. வாங்கி மோந்து பார்த்தேன். டீசல்தான் அடித்தது. ஆனால் அண்ணிக்கு மூக்கு ஒரு மாதிரி. அண்ணன் எந்தக் கடையில் என்ன சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்பதை வாசலிலேயே சட்டையிலிருந்து சொல்லிவிடுகிற மூக்கு. இன்னொன்றை எடுத்தார். "இது மாவடு. உப்புப் பூத்துக் கெடக்கு பாரு." உண்மைதான், மரையில் வெள்ளை படிந்திருந்தது. நான் பாய்ந்துபோய் நோட்டை எடுத்து வந்தேன்.

அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் எங்களை வைத்தியத்துக்கு அழைத்துப் போயிருப்பார்கள். அண்ணி கண்ணை மூடி மோந்து, "காப்பித்தூள்" என்பார். நான் நோட்டைப் புரட்டி, "டைனமோ" என்பேன். தம்பி வாங்கி அதற்கான குவியலில் வைப்பார். "கருவாடு" என்றால் முன் சக்கரம். மூலை வீட்டுப் பூனை வந்து முன் சக்கரத்துக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டது. தம்பி அதைப் பார்த்து, "செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்துட்டாருக்கா" என்றார். மூக்கு குழம்பும்போதெல்லாம் அண்ணி வெறும் காற்றை இழுத்துவிட்டுக்கொள்வார். இரண்டு நாள் உட்கார்ந்தோம். ஞாயிறு சாயங்காலம் நோட்டிலுள்ள கணக்கும் குவியல்களும் ஒத்துவந்தன, ஒன்றைத் தவிர.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் வாயில் உட்காரும் பித்தளைத் துண்டு, மொச்சைக் கொட்டை அளவுதான், அதைக் காணவில்லை. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் வண்டி ஓடாது. அண்ணி யோசித்தார். தலைமையாசிரியர் வீட்டுச் சம்புடத்தில் மட்டும் அடியில் தாள் சுத்தமாக விரித்திருந்ததால், மேலே கிடந்ததைக் கொட்டிவிட்டுத் தாளோடு அப்படியே அதிரசம் அடுக்கியதாகச் சொன்னார். தாளின் மடிப்புக்குள் ஏதாவது இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை.

இருவரும் ஓடினோம். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது?

"சார், அதிரசம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கொஞ்சம் கடினமா இருந்துச்சு" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே பித்தளைத் துண்டு. "இனாமா வந்த பலகாரத்துல கொறை சொல்லக் கூடாதுன்னு பேசாம இருந்துட்டேன். பல்லு செட்டுதான் லேசா விரிசல் விட்டுப்போச்சு" என்றார். நான் அவர் காலில் விழாத குறை. அண்ணி விழுந்தே விட்டார்.

அதற்குப் பிறகு தம்பி தினமும் சாயங்காலம் வந்து மாட்டினார். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வண்டி முதல் தடவை உறுமியது. கொட்டகைக் கோழிகள் எல்லாம் கூரையேறிவிட்டன. போகியன்று அண்ணன் வந்தார். புதுப் பெயின்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அதுவே எனக்குப் பாதி வெற்றி.

மாட்டுப் பொங்கலன்று காலையில் வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கரும்புத் தோகை கட்டி, ஓட்டத்துக்குத் தயாரானோம். தம்பியும் வந்திருந்தார். அண்ணன் சோதனை போட்டார். டிக்கியைத் திறந்தார், சீட்டுக்கு அடியில் கைவிட்டார், மிதியடியைத் தூக்கினார். திடீரென்று, "இது என்னது?" என்று கத்தினார். அவர் விரல்களுக்கிடையில் ஒரு போல்ட் பளபளத்தது.

நோட்டில் ஒவ்வொன்றையும் டிக் அடித்திருந்தேன். தம்பி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "மூணு திருகாணிக்கு இது ஒண்ணு பரவால்ல" என்று அண்ணன் சிரித்தார். வண்டி கைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன்.

அண்ணிதான் குறுக்கே வந்தார். போல்ட்டைக் கையில் வாங்கினார். மோந்தார். ஒருதடவைக்கு இரண்டுதடவை மோந்தார்.

"இதுல பெருங்காயமும் இல்ல, கருவாடும் இல்ல. நீங்க போடுற பாக்கு வாசந்தான் வருது. எந்தக் கடையில வாங்கிப் பையில வச்சிருந்தீங்க?"

தம்பி வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தார். அண்ணன் காதெல்லாம் சிவந்து, "சும்மா ஒரு வெளயாட்டுக்குத்தான்" என்று முனகினார்.

சாவியைத் திருகினேன். முதல் தடவையிலேயே கிளம்பியது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருக்கும் கை கியரை இழுத்துப் போட்டேன். பக்கத்தில் அண்ணி, பின்சீட்டில் அண்ணன். ரோட்டுக்கு வந்ததும் எதிரே வந்த டவுன் பஸ்காரர் ஹாரன் அடித்துக் கைகாட்டினார். எனக்குக் காட்டினாரா வண்டிக்குக் காட்டினாரா தெரியவில்லை. நான் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன். திருவரங்குளம் வரை வாய் மூடாமல் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

கோயில் வாசலில் நிறுத்தியதும் அண்ணன் தேங்காய் உடைக்க உள்ளே போனார். அண்ணி இறங்கவில்லை.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்கண்ணி."

"உங்க அண்ணன்தான் என்னைய முன்னாடியே அனுப்புனாரு. ஏதாவது ஒரு சாமானை எடுத்து ஒளிச்சு வச்சிரு, வண்டி கெளம்பாதுன்னாரு. நான் வந்து பாத்தேன். எது எதுக்குன்னு ஒண்ணும் புரியல. ஒண்ணை எடுத்தா நீ நோட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சிருவ. அதான் எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

கோபம் ஜிவ்வென்று ஏறியது. "அப்புறம் எதுக்கண்ணி ரெண்டு நாளா உக்காந்து மோந்து மோந்து பாத்தீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அண்டாவைப் புடிச்சுக்கிட்டு அழுதியே. ஒரு வண்டி வேணும்னு ஒரு பொம்பள அழுது நான் பாத்ததே இல்ல. இருபத்தாறு வருஷமா உங்க அண்ணன் பக்கத்துல உக்காந்து வர்றேன். எனக்கும் வேணும்னு கேக்கலாம்னே தோணுனதில்ல" என்றார். பிறகு, "எனக்குச் சொல்லிக்குடுக்குறியா?" என்றார்.

ஏறிய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "எறங்கி இங்கிட்டு வாங்கண்ணி" என்றேன்.

இருவரும் இடம் மாறி உட்கார்ந்தோம். கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் தேங்காய் மூடியோடு வந்துவிட்டார். கோயில் முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. அண்ணன் குனிந்து, டிரைவர் சீட்டில் இருந்த தன் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"என்ன இது? எறங்கு, நேரமாச்சு."

அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"நேரமாச்சுன்னா பின்னாடி ஏறுங்க" என்றார்.